13 தேர்தல், 7 தொகுதி: சட்டமன்ற உறுப்பினர் கருணாநிதி

கேள்வி இது: "தாத்தா மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். கலைஞர் 13 தடவை சட்டமன்றத் தேர்தலில் நின்று ஒரு தடவைகூடத் தோற்றதில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நம்ம ஊரில் 34 வருஷம் அசைக்க முடியாமல் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் சாமிவேலுவே 2008இல் தோற்றுப்போனார். கலைஞர் மட்டும் எப்படித் தப்பித்தார்? முதலமைச்சராக இல்லாத காலத்தில் சட்டமன்றத்தில் என்னதான் செய்தார்? நம்ம ஒய்.பி. (இங்குள்ள சட்டமன்ற உறுப்பினர்) செய்கிற வேலையும் அதுவும் ஒன்றுதானா?"

தாத்தா சொல்லும் கணக்கு சரி, தம்பி. 1957இல் குளித்தலையில் ஆரம்பித்து 2016இல் திருவாரூர் வரைக்கும் 13 தடவை நின்றார், 13 தடவையும் ஜெயித்தார். எப்படி என்று கேட்டால் நம்ம பக்கத்துப் பெரியவர்கள் "அவர் பேச்சு அப்படி" என்று முடித்துவிடுவார்கள். பேச்சு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பேச்சுக்கே பேர்போன அண்ணா 1962இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். என்னைக் கேட்டால், கருணாநிதி தோற்காததற்கு முதல் காரணம் அவர் எந்தத் தொகுதியையும் கட்டிக்கொண்டு அழவில்லை என்பதுதான்.

வரிசையைப் பாருங்கள். குளித்தலை (1957), தஞ்சாவூர் (1962), சைதாப்பேட்டை (1967, 1971), அண்ணா நகர் (1977, 1980), துறைமுகம் (1989, 1991), சேப்பாக்கம் (1996, 2001, 2006), திருவாரூர் (2011, 2016). மூன்று தடவைக்கு மேல் எங்கேயும் நிற்கவில்லை. சாமிவேலு 1974 முதல் 2004 வரை எட்டுத் தேர்தலிலும் சுங்கை சிப்புட்டிலேயே நின்று ஜெயித்தார். ஒன்பதாவதில் டாக்டர் மைக்கேல் ஜெயகுமாரிடம் தோற்றார். ஒரே இடத்தில் அத்தனை வருஷம் இருந்தால் ஊரில் கிடைக்காத வேலை, வராத தண்ணீர், உடைந்த ரோடு எல்லாம் ஒரே ஆள் கணக்கில் ஏறும். கருணாநிதி அந்தக் கணக்கு ஏறுவதற்குள் நகர்ந்துவிடுவார். இதைத் தந்திரம் என்று சொல்லுங்கள், கெட்டிக்காரத்தனம் என்று சொல்லுங்கள், இரண்டுமே பொருந்தும்.

அதிலும் 1967 முதல் 2006 வரை நின்ற ஒன்பது தேர்தலும் சென்னைக்குள்தான். எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டையே சுருட்டிக்கொண்ட காலத்திலும் சென்னை மாநகரம் பெரும்பாலும் திமுக பக்கம் நின்றது. கட்சிக்கு எது பலமான இடம் என்று பார்த்து அங்கே தலைவர் நிற்பது புது விஷயமில்லை. அவர் அதை ஒரு தடவைகூடத் தப்பாகக் கணிக்கவில்லை, அதுதான் விஷயம். கணிப்பு எவ்வளவு நெருக்கத்தில் தப்பித்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் ஆரம்பம். 1924 ஜூன் 3ஆம் தேதி திருக்குவளையில் பிறந்தார், திருவாரூரில் படித்தார், பள்ளி இறுதித் தேர்வைத் தாண்டவில்லை. 14 வயதில் இந்தி எதிர்ப்பு ஊர்வலம், 1942இல் முரசொலி, அப்புறம் திரைவசனம். இதெல்லாம் தாத்தாவுக்கே மனப்பாடமாக இருக்கும், வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1953 கல்லக்குடியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லி ரயில் தண்டவாளத்தில் படுத்துச் சிறைக்குப் போனார். கல்லக்குடி திருச்சி மாவட்டம். நான்கு வருஷம் கழித்து அவர் நின்ற குளித்தலையும் அன்றைக்கு அதே திருச்சி மாவட்டம்தான். பிறந்தது தஞ்சைச் சீமையானாலும், அரசியலில் பெயர் வாங்கிய மண்ணில்தான் முதல் தேர்தலைச் சந்தித்தார்.

1957இல் திமுக முதல்முதலாகத் தேர்தலில் இறங்கியது. 205 பேர் கொண்ட சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 15 இடம் கிடைத்தது. அந்த 15 பேரில் ஒருவராக 32 வயதில் உள்ளே போனார். முதல் பேச்சுக்கு அவர் எடுத்த விஷயம் மொழியும் இல்லை, நாடும் இல்லை. தன் தொகுதியில் இருந்த நங்கவரம் பண்ணை விவசாயிகளின் பிரச்சினை. நிலத்தை உழுகிறவர்களுக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் உழவு உரிமை பற்றிய தகராறு. அவையில் பேசியதோடு விடாமல் நங்கவரம் போராட்டத்திலும் நேரடியாக இறங்கினார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மரம் சீவுகிற கை ஒன்று, மரம் யார் பெயரில் இருக்கிறது என்பது வேறு. குடியிருக்கிற லயம்கூட (தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசை) நம்முடையதில்லை. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். தோட்டம் கைமாறினால் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பமும் மூட்டை கட்ட வேண்டும்.

இந்த இடத்தில்தான் அவருடைய சட்டமன்ற வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கோடு ஒன்று ஓடுகிறது. 1957இல் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து நங்கவரத்தைப் பற்றிப் பேசியவர், முதலமைச்சரான பிறகு 1970இல் நில உச்சவரம்பை 30 தர ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15 தர ஏக்கராகக் குறைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம், 1971இல், குடியிருப்பு மனைச் சட்டம். அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளிக்கு, அந்தக் குடிசை நிற்கும் மனையைச் சொந்தமாக்கிய சட்டம் அது. உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன, பினாமி பெயரில் நிலம் தப்பியது, அதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டாவது சட்டத்தைக் கொஞ்சம் நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். லயத்தில் குடியிருந்தவனுக்கு அந்த வீட்டடி மண்ணை எழுதிக் கொடு என்று ஒரு சட்டம் எழுபதுகளிலேயே இங்கே வந்திருந்தால் எத்தனை குடும்பம் பட்டணத்துப் புறம்போக்குக்கு ஓடாமல் இருந்திருக்கும்! இங்கே மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் வேறு வழியைப் பிடித்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்கு சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அது காசு சேர்த்து வாங்கும் வழி, இது சட்டம் போடும் வழி. எது மேல் என்று கேட்டால், இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

சரி, தேர்தலுக்குத் திரும்புவோம். 1962இல் காங்கிரஸ், திமுகவின் 15 பேரையும் குறிவைத்து வேலை செய்தது. அண்ணா உட்பட அவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் தோற்றார்கள். கருணாநிதி குளித்தலையை விட்டுத் தஞ்சாவூருக்குப் போய், செல்வாக்கும் வசதியும் உள்ள காங்கிரஸ் வேட்பாளர் பரிசுத்த நாடாரைத் தோற்கடித்தார். கட்சிக்கு இந்தத் தடவை 50 இடம். நெடுஞ்செழியன் எதிர்க்கட்சித் தலைவர், இவர் துணைத் தலைவர். அண்ணா ராஜ்யசபாவுக்குப் போய்விட்டதால் சென்னை அவையில் இவருக்கு வேலை கூடியது.

எதிர்க்கட்சி உறுப்பினர் அங்கே என்ன செய்வார் என்று கேட்டீர்கள். காலையில் கேள்வி நேரம். அமைச்சர் பதில் சொல்வார், அதிலிருந்து துணைக்கேள்வி கேட்டு மடக்க வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்க மானியக் கோரிக்கை வரும்போது நாள்கணக்கில் விவாதம் நடக்கும், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். திடீரென்று ஏதாவது நடந்தால் கவன ஈர்ப்புத் தீர்மானம். எதுவும் எடுபடவில்லையென்றால் வெளிநடப்பு. இந்த விதிகளை நுனிவிரலில் வைத்திருந்தவர் அவர். மேடைப் பேச்சாளர்கள் பலர் அவைக்குள் போனதும் சோர்ந்துவிடுவார்கள், கைதட்ட ஆள் இருக்காது, மணியடித்து உட்காரச் சொல்வார்கள். இவருக்கு அந்த இரண்டு நிமிஷமே போதும். சிலேடையாக ஒரு குறுக்கீடு போட்டு, எதிர்வரிசையையே சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

1967இல் ஆட்சி, பொதுப்பணித்துறை அமைச்சர், 1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைவு, 10ஆம் தேதி முதலமைச்சர், 1971இல் 184 இடங்களோடு மறுபடியும் ஆட்சி. 1976 ஜனவரி 31 அன்று நெருக்கடி நிலையின்போது ஆட்சி கலைக்கப்பட்டது. ஊழல் குற்றச்சாட்டுகளை விசாரிக்க சர்க்காரியா ஆணையம் போடப்பட்டது. தாத்தா இந்தப் பகுதியைச் சொல்லமாட்டார். ஆனால் அதை விட்டுவிட்டு இவர் வாழ்க்கையைச் சொன்னால் அது பாதிக் கதை. பிற்காலத்தில் குடும்பத்தார் கட்சியிலும் ஆட்சியிலும் பெருகியதும் அப்படித்தான்.

அப்புறம் 13 வருஷம் கோட்டைப் பக்கம் ஆட்சியாளராகப் போக முடியவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினராக அவரை எடைபோட வேண்டுமென்றால் இந்த வருஷங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். 1977இல் கட்சிக்கு 48 இடம், இவர் அண்ணா நகரிலிருந்து எதிர்க்கட்சித் தலைவர். 1980இல் அதே அண்ணா நகரில் டாக்டர் எச்.வி. ஹண்டேயை எதிர்த்து நின்றார். வித்தியாசம் 699 ஓட்டு. நம்ம பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் விழுகிற ஓட்டு அவ்வளவு இருக்கும். அது மாறி விழுந்திருந்தால் தாத்தாவின் 13 கதையே கிடையாது. தோற்ற ஹண்டேயை எம்.ஜி.ஆர். சுகாதார அமைச்சராக்கினார் என்பது இன்னொரு வேடிக்கை.

1983இல் இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து அவரும் கட்சிப் பொதுச்செயலாளர் அன்பழகனும் உறுப்பினர் பதவியை உதறினார்கள். 1984 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. இந்திரா காந்தி கொல்லப்பட்டிருந்தார், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் மருத்துவமனையில் கிடந்தார், அனுதாபம் எந்தப் பக்கம் அடிக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். தோற்காமல் இருந்ததற்கு நிற்காமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நான் சொன்னால் தாத்தா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. அப்போது அவர் மேலவை (மாநிலத்தின் இரண்டாவது அவை) உறுப்பினர். 1986 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு மேலவையையே ஒழித்துவிட்டது.

1989இல் துறைமுகம் தொகுதி. பாரிமுனை, மண்ணடி, மொத்த வியாபாரக் கடைகள் எல்லாம் அடங்கிய நெருக்கமான பகுதி. ஆட்சியும் திரும்பக் கிடைத்தது. அந்த வருஷம் மார்ச் 25 அன்று நிதிநிலை அறிக்கை வாசிக்கும்போது அவைக்குள் அடிதடி. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா, தன்னைத் தாக்கிச் சேலையை இழுத்தார்கள் என்றார். முதலமைச்சரைத்தான் முதலில் தாக்கினார்கள் என்றது திமுக. இரண்டு தரப்பும் இன்றுவரை இரண்டு கதை சொல்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்ற வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய நாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே தேதிக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்த தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு வைத்திருப்பது 1989 மார்ச் 25 முதல்தான். அதற்கு முன் கல்யாணமான பெண்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. இந்தியா முழுவதற்கும் அப்படிப்பட்ட சட்டம் 2005இல்தான் வந்தது. தமிழ்நாட்டுச் சொத்து வழக்குகளில் அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அடிதடியை எல்லாரும் சொல்கிறார்கள், சட்டத்தைச் சொல்கிறவர்கள் குறைவு.

1991 ஜனவரியில் ஆட்சி மறுபடி கலைப்பு, மே மாதம் ராஜீவ் காந்தி படுகொலை. கோபம் முழுக்கத் திமுக மேல் திரும்பியது. 234 இடங்களில் கட்சிக்கு இரண்டே இரண்டு. அதில் ஒன்று துறைமுகம், வித்தியாசம் 890 ஓட்டு. கட்சியே கவிழ்ந்த அலையில் தான் மட்டும் தப்பி அவைக்குள் உட்கார மனமில்லாமல் உடனே ராஜினாமா செய்தார். கௌரவம் என்பார்கள் சிலர், சண்டைக்கு நிற்காமல் போனார் என்பார்கள் சிலர். 1957இல் 15 பேரோடு அமளி செய்தவர் இங்கேயும் உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

1996இல் சேப்பாக்கத்துக்கு மாறினார். அங்கே மூன்று தடவை ஜெயித்ததில் இரண்டு தடவை முதலமைச்சர். நடுவில் 2001இல் தோற்ற கட்சியின் தலைவர், ஜூன் 30 நள்ளிரவில் கைது. அந்த ஐந்து வருஷம் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பை அன்பழகனிடம் விட்டுவிட்டார், இவர் அவைக்குள் உட்கார்ந்தது அபூர்வம். 2011க்குப் பிறகு, சக்கர நாற்காலியோடு வந்து உட்கார வசதியான இடம் ஒதுக்கவில்லை என்று சொல்லி, வெளியில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தக் கையெழுத்துக்குக் காரணம் உண்டு. இந்திய அரசியல் சட்டத்தின் 190ஆவது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் 60 நாள் கூட்டத்துக்கு வராத உறுப்பினரின் இடத்தைக் காலி என்று அவை அறிவிக்கலாம். கேள்வி நேரத்தில் கொடிகட்டிப் பறந்த மனிதர் கடைசிக் காலத்தில் பதிவேட்டுக் கையெழுத்தில் உறுப்பினராக இருந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இடம் ஒதுக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

திருவாரூருக்கு அவ்வளவு தாமதமாக ஏன் வந்தார் என்று பலர் கேட்பார்கள். படித்து வளர்ந்த ஊர், முதலிலேயே நின்றிருக்கலாமே என்று. அந்தத் தொகுதி நீண்ட காலம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. 2008இன் தொகுதி மறுசீரமைப்பில்தான் பொதுத்தொகுதி ஆனது, அதே சீரமைப்பில் பழைய சேப்பாக்கமும் உருமாறிப்போனது. ஆக 86 வயதில் சொந்த ஊருக்கு ஓட்டுக் கேட்க வந்தார். 2016இல் 91 வயது முடியும் நேரத்தில் 68,366 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதுதான் பெரிய வித்தியாசம். 2018 ஆகஸ்ட் 7இல் இறக்கும்போதும் அவர் திருவாரூர் சட்டமன்ற உறுப்பினர்தான்.

இனி ஒய்.பி. விஷயம். பாதி வேலை ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை, மருத்துவச் செலவு, கோயில் திருவிழா, சாக்கடை, தெருவிளக்கு என்று மனுக்கள் இரண்டு இடத்திலும் குவியும். இங்கே ஊராட்சித் தேர்தல் அறுபதுகளிலேயே நின்றுபோனதால் சுங்கை சிப்புட்டில் அடங்கிய லிந்தாங், ஜாலோங் தொகுதி ஒய்.பி.க்களுக்கு அந்தச் சுமை இன்னும் கூட.

மீதிப் பாதி வேறு. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் கையில் போலீஸ், மருத்துவமனை, விவசாயம், நிலம் எல்லாம் இருக்கின்றன. கல்வியும் 1976 திருத்தம் வரை மாநிலப் பட்டியலில் இருந்தது, இப்போது மத்திய அரசோடு பங்கு. பேராக் சட்டமன்றத்தின் கையில் இருப்பது முக்கியமாக நிலம், காடு, தண்ணீர், ஊராட்சி, இஸ்லாமிய விவகாரம். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமா, கிளினிக் வேண்டுமா, எல்லாம் புத்ராஜெயா, அதாவது மத்திய அரசு. அதனால்தான் இங்கே நம்மவர்களுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பெரிய ஆளாகவும், அங்கே எம்.எல்.ஏ. பெரிய ஆளாகவும் தெரிகிறார். இங்கே ஒரே ஆள் இரண்டு அவையிலும் உட்காரலாம், அங்கே முடியாது.

கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டம் இந்தியாவில் 1985இலும் இங்கே 2022இலும் வந்தது. அது இல்லாத காலத்தில்தான் 2009இல் மூன்று பேர் விலகிப் பேராக் ஆட்சி கவிழ்ந்தது. மே 7 அன்று ஈப்போவில் சபாநாயகர் சிவகுமாரை அவையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதை நாமெல்லாம் படத்தில் பார்த்தோம். ஆனால் சட்டம் இருந்தும், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அவர் கட்சி பிளந்தபோது, 1988 ஜனவரியில் சென்னைச் சட்டமன்றத்துக்குள் போலீஸ் தடியோடு நுழைந்தது. அப்போது கருணாநிதி எந்த அவையிலும் இல்லை.

இதிலிருந்து இன்னொன்றையும் கவனியுங்கள். "60 ஆண்டு இடைவிடாமல் சட்டமன்ற உறுப்பினர்" என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது தப்பு. 1983 முதல் 1989 வரையும், 1991 முதல் 1996 வரையும் அவர் சட்டமன்றப் பேரவையில் இல்லை. 13 வெற்றி, தோல்வி இல்லை என்பது மட்டும் சரி. தாத்தா அந்த "இடைவிடாமல்" என்ற சொல்லைச் சேர்க்காமல்தான் சொல்லியிருக்கிறார்.